வெள்ளை மொழியும் சிவப்புச் சுவரும்

கொங்கு நாட்டு எழுத்து என்றால் ஆர். சண்முகசுந்தரத்தில் தொடங்கிப் பெருமாள்முருகன்வரை ஒரு வரிசை சொல்வது வழக்கம். காடு, தோட்டம், கிணற்றுப் பங்கு, பங்காளிப் பகை என்று அந்த வரிசை மண்ணை விட்டு அதிகம் நகராது. அதில் யாரும் சேர்க்காத இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம். கவிஞர், ஓவியர், 2008-இல் சகோதரி அறக்கட்டளையைத் தொடங்கியவர். மற்றவர் நாமக்கல் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த அ. ரேவதி. பெங்களூரின் சங்கமா அமைப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், 'வெள்ளை மொழி' என்ற தன்வரலாற்றை எழுதியவர். ('முலைகள்' தொகுப்பின் கவிஞர் குட்டி ரேவதி வேறு. இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்வதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) இருவரும் திருநங்கையர். கொங்கின் தென்மேற்கு மூலையிலிருந்து ஒருவர், வடகிழக்கு மூலையிலிருந்து ஒருவர்.

இவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடல், பால், அடையாளம் என்ற மூன்று சொற்களையே சுற்றி வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் அப்படி வாசிக்கும்போது காசு கண்ணில் படாமல் போய்விடுகிறது. இரவு தங்க இடம், அதற்கான வாடகை, குருவுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு, போலீஸ் பிடுங்கிக்கொள்வது போக மிஞ்சியது என்று ரேவதியின் வாழ்க்கைக் கதை நகரத்தில் பிழைப்பதன் கதையாகவே நகர்கிறது. கல்கி எடுத்த வேலைகளுக்கு அடியில் இருப்பதும் அதுதான்: வேலை கிடைக்காதவர், வீடு கிடைக்காதவர், படிப்பைப் பாதியில் விட்டவர். ஆகவே நகரத்து ஏழ்மையை எழுதிய இருவராகவே இவர்களை நான் வாசிக்கிறேன். ஒருவர் உரைநடைக்காரர், மற்றவர் கவிதைக்காரர். அந்த வேறுபாடு இவர்களின் சமூகப் பணிவரை ஓடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் கொங்கின் பெருநகரைப் பற்றி. கோவையின் பெருமை உழைப்பு. பஞ்சாலை, பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் பட்டறை, பக்கத்திலேயே திருப்பூர் பனியன் கம்பெனிகள். கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை வாசல்களில் 'ஆட்கள் தேவை' அட்டை சாதாரணக் காட்சி. கடைத்தெருவில் கை தட்டி வந்து நிற்கும் திருநங்கை அதிகம் கேட்கும் வாசகமும் அந்தப் பெருமையிலிருந்தே வருகிறது: 'ஒழச்சுத் திங்கலாமுல்ல?' சரி என்று அவர் அந்த அட்டையைப் பார்த்து உள்ளே போனால் பேச்சு மாறிவிடும். மற்ற பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கழிப்பறைக்கு எங்கே போவீர்கள், பார்ட்டி வந்தால் என்ன நினைப்பார்கள். உழைப்பைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர், சிலருக்கு மட்டும் கோயில் கதவைச் சாத்திவைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது கடை கடையாகக் காசு வாங்கும் 'கடை கேட்பது', இல்லையென்றால் இரவுத் தொழில். வீடு சந்துக்குள், சந்தை வாடகையைவிடக் கூடுதலாக. காலி செய் என்றால் மறுபேச்சு கிடையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 22,364 பேரை ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் குறித்தது. இந்தியா முழுவதற்கும் 4,87,803. வீட்டு வாசலில் எடுத்த கணக்கில் பெற்றோர் தங்கள் பிள்ளையை எந்தக் கட்டத்தில் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

கொங்கில் இதைப் பேசத் தொடங்கினாலே யாராவது ஒருவர் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரரை இழுத்துவிடுவார். ஆணும் பெண்ணுமாக நிற்கும் சாமியை மலைமேல் வைத்துக் கும்பிடுகிற மண்ணல்லவா இது என்பார். சாமிக்கு வாடகை வீடு தேவையில்லை. பேச்சை அந்த மலையடிவாரத்திலேயே விட்டுவிடலாம்.

ரேவதியின் கதை ஓட்டத்தில் தொடங்குகிறது. சிறுவயதில் அக்காவின் துணியை உடுத்திக்கொள்ளும் ஆசை, பள்ளியில் கேலி, வீட்டில் அடி. பிறகு டெல்லி, பம்பாய், குரு, சேலா (சீடர்), ஜமாத் (திருநங்கையரின் கூட்டுக் குடும்பம்). நீள முடியோடு ஊர் திரும்பியபோது அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்ததை அவர் எழுதியிருப்பதில் அலங்காரம் துளியும் கிடையாது. எது எந்த வரிசையில் நடந்ததோ அந்த வரிசையில் சொல்கிறார். காவல் நிலையத்தில் நடந்த அவமானமும் அப்படித்தான், ரவுடிகளின் வன்முறையும் அப்படித்தான். கல்லூரி வாசல் மிதிக்காத ஒருவரின் உரைநடை இது என்பதைப் பலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பலமாகத் தெரிகிறது. வாக்குமூலம் எழுதுபவர் உவமை தேடமாட்டார். இடம், நேரம், யார், என்ன செய்தார் என்பதே அவருக்குப் போதும்.

அந்த நூலில் ஜமாத் வரும் பக்கங்களைத் தனியாகப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை ஒரு மர்மமான சடங்குக் கூட்டமாகவோ, அல்லது அன்பே உருவான மாற்றுக் குடும்பமாகவோ காட்டுவார்கள். ரேவதி இரண்டுக்கும் இடம் கொடுப்பதில்லை. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைக்குச் சோறும் பாயும் தருவது ஜமாத். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாற்பது நாள் படுத்த இடத்தில் பார்த்துக்கொள்வதும் அதுதான். அந்தக் கடனை வருடக்கணக்கில் வசூலிப்பதும் அதுதான். வங்கியும் காப்பீடும் அரசும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஏழைகள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை முகம் உண்டு. மில் தொழிலாளிக்கு வட்டிக்காரர், பனியன் கம்பெனிக்காரருக்கு ஏஜெண்ட், திருநங்கைக்குக் குரு. ரேவதி இதைத் தத்துவமாக்கவில்லை. அடியையும் அணைப்பையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: சொத்து. அண்ணன்மாரிடம் தனக்கும் பங்கு உண்டு என்று ரேவதி வாதாடும் இடம் வரும்போது 'வெள்ளை மொழி' அசல் கொங்குக் கதையாகிவிடுகிறது. சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. கணவனை இழந்தவள் கொழுந்தனாரிடம் பாகம் பிரிக்கச் சொல்லி நிற்பதும் அது கொலையில் முடிவதும்தான் அந்த நாவல். இங்கே நிலத்தில் பங்கு கேட்ட பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1989-இல் தமிழ்நாடு தனிச் சட்டத்திருத்தம் கொண்டுவந்து, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்றது. 2005-இல் அது நாடு முழுமைக்கும் ஆனது. ஆனாலும் கல்யாணச் சீரைக் காட்டி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை. மகளுக்கே இப்படி என்றால், மகனாகப் பிறந்து மகளாக வந்து நிற்பவருக்கு? மகன் என்றால் பங்கு கொடுக்க வேண்டும், மகள் என்றால் சீர் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டால் குடும்பத்துக்கு லாபம். வெறுப்புக்குப் பின்னால் கணக்கு இருப்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டிய எழுத்து நம்மிடம் குறைவு. திருநங்கைகள் வீட்டை விட்டு ஓடுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓடிப் போனவர் பின்னால் விட்டுப்போன பாகம் யார் பேரில் ஏறியது என்று கேட்பதில்லை. நகரத்து ஏழ்மையின் ஒரு வேர் கிராமத்து வில்லங்கச் சான்றிதழில் இருக்கிறது.

இந்த நூல் வாசகரை அடைந்த பாதையும் விசித்திரம்தான். ரேவதி தமிழில் எழுதியதை வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பென்குயின் 2010-இல் வெளியிட்டது. தமிழ் நூலான 'வெள்ளை மொழி' வந்தது அதற்குப் பிறகு. நாமக்கல் பேச்சில் பிறந்த வாக்கியங்கள் டெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பின. 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பட்லர் நூலக முகப்பில் ஒரு பதாகை ஏற்றியது. ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று கல்லில் வெட்டிய ஆண் பெயர்களுக்கு மேலே, டோனி மாரிசன், மாயா ஏஞ்சலு ஆகியோரோடு ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. நாமக்கல்லில் எத்தனை நூலகங்களில் 'வெள்ளை மொழி' இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கல்கியின் எழுத்து நேர் எதிர்த் திசையில் இயங்குவது. இதழியலில் முதுகலை படித்தவர் அவர். படிக்கும் காலத்திலேயே திருநங்கையருக்காகச் 'சகோதரி' என்ற தமிழ் இதழை நடத்தியவர். 'குறி அறுத்தேன்' என்ற கவிதைத் தொகுப்பை 2015-இல் விகடன் பிரசுரம் கொண்டுவந்தது. தலைப்பே அறைகிற மாதிரி. இந்த அறைதலுக்குத் தமிழில் ஒரு முன்கதை உண்டு. 2000-களின் தொடக்கத்தில் குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் பெண்ணுடலைக் கவிதைக்குள் நேராகக் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். அந்தக் கூச்சலில் அடிபட்டுத் திறந்த வாசல் வழியாகத்தான் கல்கியின் தலைப்பு விகடன் போன்ற பெருவாரி வாசகர் நிறுவனத்தின் அட்டையில் ஏற முடிந்தது. வித்தியாசம் ஒன்று: அந்தப் பெண் கவிஞர்கள் தங்களுக்கென்று பிறப்பில் தரப்பட்ட உடலைத் திரும்பக் கேட்டார்கள். கல்கி அறுத்து, தைத்து, ரத்தம் கொடுத்துத் தானே ஈட்டிய உடலைப் பற்றிப் பேசுகிறார். அங்கே நாணத்துக்கு எதிரான குரல் கேட்டது. இங்கே கேட்பது கொடுத்த விலையைச் சொல்லும் குரல்.

கவிதையாகப் பார்த்தால் அந்தத் தொகுப்பு ஏற்றத்தாழ்வு உள்ளதுதான். மேடைக்கென்று எழுதியவை தாளில் சற்று உரக்கக் கேட்கின்றன. ஆனால் உரக்கப் பேசுவதை மட்டும் வைத்து ஒதுக்குவது நியாயமாகாது. திருநங்கையைப் பார்த்து ஊர் பேசும் சொற்கள் எல்லாம் உரத்த சொற்கள். பேருந்தில், கடைவாசலில், காவல் நிலையத்தில் கூவி எறியும் சொற்கள். அவற்றுக்கு அடங்கிய குரலில், படிமத்தில் பதில் சொல்லும் கவிதையை நம் விமர்சகர்கள் பாராட்டக்கூடும். வசவு வாங்கியவருக்கு அது போதாது. வசவுக்கு எதிர்வசவாக நின்று, அதைச் சபையில் சொல்லத்தக்க பேச்சாக்குவது ஒரு கலைதான். தெருக்கூத்துக் கட்டியங்காரனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

ஏழைப் பெண்ணிடம் உலகம் எதை வாங்கிக்கொள்கிறது என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். பிரேசிலின் சாவோ பாவுலோ நகரச் சேரியில் காகிதம் பொறுக்கிப் பிழைத்த கரோலினா மரியா தெ ஜெசூஸ், கிடைத்த தாள்களில் நாட்குறிப்பு எழுதினார். 1960-இல் அது நூலாகி உலகமெங்கும் விற்றது. அவரோ தன்னைக் கவிஞராகவே நினைத்தார், கவிதைகளையும் எழுதிவைத்திருந்தார். பதிப்புலகம் கேட்டது பசியின் நாட்குறிப்பை மட்டும். 1977-இல் அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகே கவிதைகள் நூலாயின. ஏழையிடம் தகவல் இருக்கலாம், கற்பனை இருக்கலாகாது என்ற எண்ணம் உலகப் பொது. ரேவதியின் தன்வரலாறு பல்கலைக்கழகங்களுக்குள் எளிதாகப் போனதிலும் கல்கியின் கவிதை அப்படிப் போகாததிலும் தரத்தோடு இந்த எண்ணத்துக்கும் பங்கு இருக்கிறது. 'நான் பட்டேன்' என்று சொல்லும் திருநங்கைக்கு நாற்காலி போடுகிறோம். 'நான் பாடுகிறேன்' என்றால் கொஞ்சம் நெளிகிறோம்.

இனி இருவரின் பணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சங்கமா 1999-இல் பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினருக்கான ஆவண மையமாகத் தொடங்கிய அமைப்பு. ரேவதி அங்கே அலுவலக உதவியாளராகச் சேர்ந்து இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்தார். பகலில் போய் மாலையில் திரும்பும் ஒரு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். இந்தச் சாதாரண விஷயம் ஒரு திருநங்கைக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அவர் எழுதியிருக்கிறார். அந்த நாட்களின் வேலை பெரும்பாலும் நெருக்கடி வேலை: பிடித்துக்கொண்டு போனவரை ஸ்டேஷனிலிருந்து மீட்பது, அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது, நடந்ததை எழுதிவைப்பது. கர்நாடகத்தின் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2003-இல் திருநங்கையர் மீதான வன்முறை பற்றித் தனி அறிக்கை வெளியிட்ட காலமும் அதுதான். எழுதிவைத்தால்தான் நடந்ததாகும் என்ற பாடத்தை அந்த வேலை ரேவதியின் எழுத்துக்குக் கொடுத்தது என்று ஊகிக்கிறேன். அவர் உரைநடையில் இருக்கும் வாக்குமூலத் தொனி சும்மா வந்ததல்ல.

கல்கி நெருக்கடி மேசையில் உட்கார்ந்தவரில்லை. அவர் கையிலெடுத்தவை கேமரா, இணையம், திரை, தூரிகை. திருநங்கையருக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்துத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லவைத்தார். 2011-இல் ஜி. விஜயபத்மா இயக்கிய 'நர்த்தகி'யில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். திருநங்கை என்றால் கேலிக்கு ஒரு காட்சி என்று பழகிய தமிழ்த் திரையில் அது சிறிய விஷயமில்லை. ஓவியம் விற்ற பணத்தில் திருநங்கை மாணவர்களின் படிப்புக்கு உதவினார். 2009-இல் அவர் தொடங்கியது, பலரும் சிரித்த காரியம்: திருநங்கையருக்கான திருமணத் தகவல் இணையதளம்.

சிரித்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். நம் ஊரில் கல்யாணம் என்பது வாடகை வீடு, ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஓர் ஆள். ஏழைக்கு அது சமூகப் பாதுகாப்பு. அடுத்த ஆண்டே வெளிவந்த ரேவதியின் நூலில், உடன் வேலை பார்த்தவரை மணந்து அந்த உறவு முறிந்த கதை இருக்கிறது. ஒருவர் திருமணத்துக்கு வாசல் திறந்துவைத்த நேரத்தில் இன்னொருவர் அந்த வாசலுக்குள் போய் வந்த காயத்தை எழுதிக்கொண்டிருந்தார். இதை முரண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் காவல் நிற்காத திருமணம் எவ்வளவு எளிதில் முறியும் என்பதற்கு ரேவதி சாட்சி. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது என்பதற்குக் கல்கி சாட்சி. இணையதளம் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தூத்துக்குடி இணை ஒன்றின் வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது.

அரசையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாடு 2008 ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அது முன்னோடி. மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014 ஏப்ரலில் வந்தது, திருநர் உரிமைக்கான நாடாளுமன்றச் சட்டம் 2019-இல். ரேவதியின் ஓட்டம் இவை எதுவும் இல்லாத காலத்தது. கல்கியின் அமைப்பும் வாரியமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. இந்தக் கால வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் ஒருவர் எழுத்தில் இருக்கும் இருளையும் மற்றவர் எழுத்தில் இருக்கும் துணிச்சலையும் மனப்போக்கு என்று மட்டும் எடைபோடுவது சரியாகாது. அரசு அடையாள அட்டையில் தன் பெயரைப் பார்த்தவரின் குரலும் பார்க்காதவரின் குரலும் ஒன்றுபோல் இருக்காது.

நூல்களை மட்டும் வரிசையாக வைத்தால் இருவரும் எதிரெதிராக வந்து கடந்து போவது தெரியும். ரேவதி முதலில் எழுதியது தன் கதையை அல்ல. 'உணர்வும் உருவமும்' என்ற முதல் நூல் பிற திருநங்கையரிடம் கேட்டு எழுதிய வாழ்க்கைக் கதைகளின் தொகுப்பு. ஊராரின் கதைகளைச் சேகரித்த பிறகுதான் தன் கதைக்கு வந்தார். பிறகு அதையே அ. மங்கையின் நெறியாள்கையில் தனிநபர் நாடகமாக்கி, தன் வாழ்க்கையைத் தானே மேடையில் நடித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத சேலாக்களுக்கும் அந்த வாழ்க்கை அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும். பலரிலிருந்து ஒருவருக்கு, தாளிலிருந்து உடலுக்கு என்பது அவர் நடந்த வழி.

கல்கியின் முதல் நூல் முழுக்க 'நான்'. பின்னர் அவர் எடுத்த 'ரெட் வால்' என்ற சிவப்புச் சுவர்த் திட்டத்தில் அந்த 'நான்' விலகிக்கொள்கிறது. வன்முறைக்கு ஆளான திருநங்கையர் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே, தங்கள் கையெழுத்தில் தாளில் எழுதுகிறார்கள். சிவப்புச் சாயத்தில் உள்ளங்கையை அழுத்தி அதன் மேல் பதிக்கிறார்கள். அந்தத் தாள்கள் சுவராகக் காட்சிக்கு நிற்கின்றன. எழுத்துப்பிழையோடு, கோணல் வரிகளோடு. கவிஞர் அங்கே ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. கொங்கு நாட்டில் கைரேகை எங்கே வாங்குவார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இதன் கூர்மை தெரியும்: பத்திரத்தில், கடன் சீட்டில், ஸ்டேஷன் காகிதத்தில். ஏழையின் கை இதுவரை இன்னொருவர் எழுதியதை ஒப்புக்கொள்ளவே பதிந்தது. இங்கே அது தான் எழுதியதன் கீழ் பதிகிறது.

எனக்குக் கல்கியின் ஆகச் சிறந்த கவிதை அந்தச் சுவர்தான். 'குறி அறுத்தே'னில் எது குறை என்று விமர்சகர்கள் சொல்வார்களோ, அது அங்கே இல்லை. ரேவதியிடம் அப்படிப்பட்ட ஒன்று எது என்று கேட்டால், ஜமாத்தையும் பாகப்பிரிவினையையும் பற்றிய பக்கங்களைச் சொல்வேன். ரேவதியின் கதை ஒருவரைச் சுற்றி இறுகுவதால் படிப்பவர் அவரைத் தனிப்பெரும் போராளியாக்கி, மற்றவர்களை மறந்துவிடும் ஆபத்து உண்டு. கொலம்பியாப் பதாகையில் பெயர் ஏறும்போது அந்த ஆபத்து கூடுகிறது. கல்கியின் வழியில் வேறு ஆபத்து: கண்காட்சி அரங்குக்கு வருபவர்கள் படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள். சிவப்புக் கைகளைப் படம் எடுத்துப் பதிவிட்டுவிட்டுப் போகலாம். உரைநடை அவ்வளவு சீக்கிரம் விடாது, முந்நூறு பக்கம் உட்காரவைக்கும். ஏழைகளின் வழக்கை நடத்த எனக்கு ஒரு நூல்தான் கிடைக்கும் என்றால் ரேவதியுடையதை எடுத்துக்கொண்டு போவேன். கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் கல்கியிடம் போவேன்.

இருவரும் தொடாமல் கடந்துபோகிற இடத்தில் கோவையே சிலவற்றைச் செய்துபார்த்தது. 2020-இல், தொற்றுக் காலத்தின் நடுவில், திருநங்கையரே நடத்தும் 'கோவை டிரான்ஸ் கிச்சன்' ஆர்.எஸ். புரத்தில் திறந்தது. கை தட்டிக் கடை கேட்டவர்கள் கடை போட்டார்கள். பிரியாணி விற்றது, வாடிக்கையாளர் வந்தார்கள். சில வாரங்களுக்குள் அதை முன்னின்று தொடங்கிய மூத்த திருநங்கை கொலையுண்டார். 'ஒழச்சுத் திங்கலாமுல்ல' என்ற ஊருக்கு அவரைவிட முழுமையான பதில் கொடுத்தவர் இல்லை. வேலை கிடைப்பதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்களும் அந்த மரணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு எழுத்துகளிலும் இன்னும் இடம் பெறாத பக்கம் முதுமை. 'வெள்ளை மொழி' முடியும்போது ரேவதி நடுவயதை எட்டி நிற்கிறார். கல்கியின் கவிதையில் பேசுபவள் கோபமும் அழகும் உள்ள இளம்பெண். கடை கேட்க நடக்க முடியாத, இரவில் நிற்க முடியாத, சேலாக்கள் பிரிந்து போன ஒரு முதிய திருநங்கை சிங்காநல்லூரிலோ உக்கடத்திலோ ஓர் அறையில் எப்படி மாதத்தை ஓட்டுகிறார் என்பதற்குக் கவிதையும் வரவில்லை, தன்வரலாறும் வரவில்லை. வந்திருப்பது ஓர் அரசாணை. ஆதரவற்ற திருநங்கையருக்கு மாத உதவித்தொகை தருகிறது தமிழ்நாடு அரசு. முதலில் 1,000 ரூபாயாக இருந்து பிறகு 1,500 ஆனது. மற்ற ஏழைகளுக்கு முதியோர் தொகை கிடைக்க 60 வயது ஆக வேண்டும். இவர்களுக்கு 40 ஆனால் போதும்.